சேலம் ஜங்ஷன்: எலிவேஷனுக்கு இரண்டு, பிளானுக்கு நாலு

வீடு கட்ட வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் உட்கார்ந்ததும் செல்போனை எடுத்து எலிவேஷன் படம்தான் காட்டுவார்கள். முன்பக்கம் கண்ணாடி வேண்டும், கல் பதிக்க வேண்டும், ராத்திரியில் லைட் எரிய வேண்டும். உள்ளே சமையலறை எந்தப் பக்கம், மழைத்தண்ணி எங்கே போகும், வயதான அம்மா பாத்ரூமுக்கு எத்தனை படி ஏறணும் என்பதெல்லாம், அதாவது பிளான், அப்புறம். சேலத்தில் மேஸ்திரியாக இருந்து, பிறகு சொந்தமாக காண்ட்ராக்ட் எடுத்துக் கட்டடம் ஓட்டுகிறவன் நான். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் முதலில் தரையைப் பார்ப்பேன், அடுத்து கூரையை, கடைசியாகத்தான் முகப்பை. "கலியாண மண்டபத்துக்கு வந்தாலும் சுவரைத் தட்டிப் பாத்துட்டுத்தான் சாப்பிட உக்காருவாரு" என்று வீட்டில் சொல்வார்கள்.

சேலம் ஜங்ஷனுக்கு மக்கள் எழுதியிருக்கிற ரிவ்யூக்களை உட்கார்ந்து படித்தேன். பார்க்கிங், கழிவறை, டீ, ஆட்டோ. எல்லாம் சரி. கட்டடத்தைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

எலிவேஷன் மட்டும் பார்த்து மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு இரண்டு. கோபுரம் கிடையாது, குவிமாடம் கிடையாது, மணிக்கூண்டு கிடையாது. தண்டவாளத்தை ஒட்டி நீளவாக்கில் ஒரு வேலைக்காரக் கட்டடம், அவ்வளவுதான். வெளியூர்க்காரர் எவரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்து நான் பார்த்ததில்லை. எடுத்தால் பின்னால் இருக்கிற மலையைத்தான் எடுப்பார்கள். வானம் தெளிந்திருந்தால் வடக்கே நாகரமலை, அதற்குப் பின்னால் சேர்வராயன், இன்னொரு பக்கம் கஞ்சமலை என்று மலைகள் சுற்றி நிற்கும். எந்த ஆர்க்கிடெக்ட் கொடுக்கும் எலிவேஷனும் அதற்கு ஈடாகாது.

ஆனால் வயதில் இந்த நிலையம் சின்னப் பையன் இல்லை. சென்னையில் இறங்கி சென்ட்ரலை அண்ணாந்து பார்த்து வாயைப் பிளக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரியாது: சேலத்துக்கு ரயில் வந்த ஆண்டு 1861. சென்ட்ரல் திறந்தது 1873. நம் ஊரில் ரயில் வந்து நின்றபோது சென்ட்ரல் என்ற கட்டடமே பூமியில் இல்லை. அப்போது சென்னையில் ரயில் ஏற வேண்டுமானால் ராயபுரத்துக்குத்தான் போக வேண்டும். 1856 ஜூலை 1-ம் தேதி அங்கேயிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் முதல் வண்டி ஓடியது. தென்னிந்தியாவுக்கே அதுதான் முதல் பயணிகள் ரயில். அந்தப் பாதையைத்தான் மெட்ராஸ் ரயில்வே கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே நீட்டிக்கொண்டு போனார்கள். ஜோலார்பேட்டை, திருப்பத்தூர், சேலம், அப்புறம் சங்ககிரி, போத்தனூர். அவர்களுக்கு வேண்டியது மேற்குக் கடற்கரையில் இருக்கிற பேப்பூர். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு இரும்புப் பாதை. 1862-ல் அது முழுசாகச் சேர்ந்தது. ஜேசிபி கிடையாது, வைப்ரேட்டர் கிடையாது. மண்வெட்டியும் கூடையும் மாட்டுவண்டியும் வைத்து, முதல் வண்டி ஓடிய ஆறே வருஷத்தில் கடல் விட்டுக் கடல் போயிருக்கிறார்கள். எனக்கு ஒரு தெருவில் சாக்கடைக்குச் சாய்வு கொடுத்து முடிக்கவே ஒரு வருஷம் ஆகிறது.

இப்போது எல்லோரும் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். ஸ்டேஷன் ஏன் ஊருக்கு வெளியே இவ்வளவு தூரத்தில்? பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜங்ஷனுக்கு ஐந்து கிலோமீட்டருக்கு மேல். கோட்டை, கடைவீதி, கலெக்டர் ஆபீஸ், பெரிய ஆஸ்பத்திரி என்று பழைய சேலம் எல்லாம் திருமணிமுத்தாற்றை ஒட்டி ஒரு பக்கம் இருக்கிறது. ரயில் வந்து நிற்பதோ சூரமங்கலத்தில். வெள்ளைக்காரனுக்கு சத்தம் பிடிக்காது, ஊர்ப் பெரியவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று டீக்கடையில் பல கதை உண்டு. நான் கதையை நம்புகிறவன் இல்லை, மட்டத்தை நம்புகிறவன். மேப்பை விரித்துப் பாருங்கள். ஜோலார்பேட்டையிலிருந்து வருகிற பாதை சேர்வராயன் மலையின் மேற்குப் பக்கத்தை ஒட்டி இறங்குகிறது. பொம்மிடி, லோக்கூர், டேனிஷ்பேட்டை, தின்னப்பட்டி, கருப்பூர், மேக்னசைட் ஜங்ஷன், சேலம். அங்கிருந்து அது போக வேண்டிய இடம் சங்ககிரி, ஈரோடு. கருப்பூருக்கும் சங்ககிரிக்கும் நூல் பிடித்தால் அந்த நூல் சூரமங்கலத்தின் மேல்தான் போகும். பழைய ஊர் நூலுக்குக் கிழக்கே ஒதுங்கி இருக்கிறது. ஊருக்குள் நுழைந்து திரும்ப வேண்டுமானால் கிழக்கே ஒரு வளைவு, மேற்கே ஒரு வளைவு, நடுவில் ஆறு. காசு போடுகிறவன் செய்ய மாட்டான். நானாக இருந்தாலும் செய்ய மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. பிளாட்பார முனையில் மஞ்சள் போர்டு இருக்குமே, ஊர்ப் பெயரின் கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று எழுதியிருக்கும். பயணிகள் யாரும் படிக்க மாட்டார்கள், லெவல் பார்க்கிற எங்கள் ஆட்கள் மட்டும் படிப்போம். சேலம் முந்நூறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஜோலார்பேட்டை நானூறுக்கு மேல். ஈரோடு சேலத்தைவிடக் கீழே. சென்னையில் கடலோரத்தில் கிளம்புகிற வண்டி ஜோலார்பேட்டை வரைக்கும் ஏறி, அங்கிருந்து சேலம், ஈரோடு என்று படிப்படியாக இறங்கி வருகிறது. இப்படி இறங்குகிற பாதையில் ஒரு ஸ்டேஷன் வைக்க வேண்டுமானால் நீளமாக, கிட்டத்தட்ட மட்டமாக ஒரு இடம் கிடைத்தாக வேண்டும். நிற்கிற பெட்டி தானாக உருளக் கூடாது இல்லையா? ஸ்டேஷன் எல்லைக்குள் 1200-க்கு ஒன்றுக்கு மேல், அதாவது 1200 மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் இறக்கத்துக்கு மேல், சரிவு வேண்டாம் என்பதுதான் ரயில்வே விரும்புகிற கணக்கு. 400-க்கு ஒன்று என்பது கடைசி எல்லை. நாங்கள் பாத்ரூம் தரைக்கே 60-க்கு ஒன்று, 80-க்கு ஒன்று சாய்வு கொடுக்கிறோம், அப்படியும் மூலையில் தண்ணி நிற்கிறது என்று போன் வரும். அரை கிலோமீட்டர் நீளத்துக்கு 1200-க்கு ஒன்று மட்டம் பிடிப்பது என்றால் என்ன வேலை என்று கட்டட வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும். அதுவும் மலையடிவாரத்தில்.

அரை கிலோமீட்டர் என்று சும்மா சொல்லவில்லை. இப்போது ஓடுகிற எல்எச்பி என்கிற புது ரகப் பெட்டி ஒன்று 23 மீட்டருக்கு மேல் நீளம். 24 பெட்டி கோர்த்தால் எஞ்சினோடு சேர்த்து 580 மீட்டருக்கு மேல் வந்துவிடும். பழைய நீலப் பெட்டிகள் ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர் குறைவு. "முன்னெல்லாம் இவ்வளவு நடக்க வேண்டியதில்லையே" என்று பெரியவர்கள் சொன்னால் அது வயதானதால் மட்டும் இல்லை. வண்டியும் நிஜமாகவே நீண்டுவிட்டது.

தரை விஷயத்தில் ஒன்று கண்ணாரப் பார்த்தேன். அதற்குத்தான் நான் பிளானுக்கு மார்க் தூக்கிப் போடுகிறேன். மகள் குடும்பத்தை ஏற்றிவிடப் போயிருந்தபோது பேரன் தண்ணி பாட்டிலைக் கீழே போட்டுவிட்டான். உருண்டையான ஸ்டீல் பாட்டில். மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. மகள் "ஐயோ, பாட்டில் தண்டவாளத்துக்குப் போயிரும்பா" என்று கத்தினாள். போகவில்லை. ஒரு சுற்று யோசித்துவிட்டு, மெதுவாக எதிர்ப் பக்கம், நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்து உருண்டு வந்து என் செருப்பில் இடித்து நின்றது. "தாத்தா, அதுவே வருது!" என்று பேரனுக்கு ஒரே குஷி. பிளாட்பாரத் தரைக்குத் தண்டவாளத்திலிருந்து உள்பக்கமாக 60-க்கு ஒன்று என்று சாய்வு கொடுக்க வேண்டும் என்பது விதி. தண்ணி ஒரு காரணம். முக்கியமான காரணம் இதுதான்: சக்கரம் வைத்த பெட்டியோ, குழந்தை வண்டியோ, வீல்சேரோ கை நழுவினால் தண்டவாளத்தை நோக்கி உருளக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத சாய்வு. போட்ட கொத்தனார் யாரோ ஒழுங்காகப் போட்டிருக்கிறார். அந்த இடத்தில் கல்லும் இளகாமல் கெட்டியாக இருந்தது, நான் காலால் தட்டிப் பார்த்தேன். மகள் முறைத்தாள்.

சரி, குறைக்கு வருவோம். படி.

சேலம் ஜங்ஷனில் ஏறி இறங்காமல் எல்லா பிளாட்பாரத்துக்கும் போக முடியாது. முழங்கால் வலி உள்ளவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இதுதான் முதல் கவலை. எங்கள் அத்தை, என் மாமியார்தான், கோயம்புத்தூர் போவதென்றால் ஒரு நாள் முன்னாலேயே "எத்தனாவது பிளாட்பாரமுங்க மாப்பிள்ளை?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார். எனக்கு எப்படித் தெரியும்? "சென்ட்ரல்ல எல்லாம் நேரா நடந்தே போயிட்டோமே, இங்க ஏன் அப்படிக் கட்டலை?" என்பார். நியாயமான கேள்வி, ஆனால் பதில் கட்டினவன் கையில் இல்லை. சென்ட்ரலில் தண்டவாளம் முடிந்துபோகிறது. வண்டி வந்து முட்டி நிற்கும், அதற்கு மேல் வழி இல்லை. தண்டவாள முனைகளை எல்லாம் குறுக்கே ஒரு அகல நடைபாதை சேர்த்துவிடுகிறது. ஒரு படிகூட இல்லாமல் எந்த பிளாட்பாரத்துக்கும் போகலாம். சேலத்தில் வண்டி நின்று அந்தப் பக்கம் போகிறது. தண்டவாளம் குறுக்கே ஓடினால் மனுஷன் ஒன்று மேலே ஏற வேண்டும், இல்லை கீழே இறங்க வேண்டும், மூன்றாவது வழி கிடையாது. மேலே ஏறுவதிலும் 25,000 வோல்ட் மின்கம்பி போவதால் பாலத்தை அதற்கும் மேலே தூக்க வேண்டியிருக்கிறது. மின்சார வண்டி வந்த பிறகு எல்லா ஊரிலும் படியின் எண்ணிக்கை கூடியது அதனால்தான். லிஃப்டும் நகரும் படிக்கட்டும் பார்த்து வைத்துக்கொண்டு, அதற்கு நேராகப் பெட்டி எங்கே வரும் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

அத்தைக்காக ஒன்றைப் பாராட்டியாக வேண்டும். பிளாட்பாரம் உயரமானது. உயர் பிளாட்பாரம் என்றால் தண்டவாளத்துக்கு மேலே 760 மில்லிமீட்டரிலிருந்து 840 மில்லிமீட்டர் வரை என்று ரயில்வேயில் அளவு உண்டு. சின்ன ஸ்டேஷன்களில் பழைய தாழ்வான பிளாட்பாரத்தில் பெட்டிக் கம்பியைப் பிடித்துத் தொங்கி ஏறுகிற சர்க்கஸ் இங்கே வேண்டாம்.

சென்ட்ரலை இழுத்துவிட்டேன், எழும்பூரையும் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்கு மரியாதை இல்லை. வேலையாகச் சென்னை போனால் சரக்குக் கடைக்குப் போவதற்கு முன் இந்த இரண்டு கட்டடத்தையும் ஒரு நடை பார்த்துவிட்டுத்தான் போவேன். சென்ட்ரலுக்குத் திட்டம் போட்டவர் ஜார்ஜ் ஹார்டிங். நாம் இப்போது பார்க்கிற அந்த மணிக்கூண்டு முகம் பின்னால் வந்தது. ராபர்ட் சிஷோம் மாற்றிச் சேர்த்து, 1900-ல்தான் வேலை முடிந்தது. அதாவது சென்ட்ரலேகூட முதலில் பிளான், அப்புறம்தான் எலிவேஷன். எழும்பூர் 1908 ஜூன் 11-ல் திறந்தது. வரைந்தவர் ஹென்றி இர்வின், மைசூர் அம்பா விலாஸ் அரண்மனையை வரைந்த அதே ஆள். செங்கல் சிவப்பும் வெள்ளையும், நடுவில் குவிமாடம், சுற்றி வளைவுகள். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கும். எனக்குப் பிடித்தது வேறு. அதைக் கட்டியது டி. சாமிநாத பிள்ளை என்ற பெங்களூர் காண்ட்ராக்டர். பதினேழு லட்சம் ரூபாய் வேலை. கட்டடம் என்றால் எப்போதும் வரைந்தவர் பெயர்தான் நிற்கும், கட்டினவன் பெயர் மணலோடு போய்விடும். எழும்பூரில் கட்டினவன் பெயரும் நின்றிருக்கிறது. அந்தக் கட்டடத்து வளைவுகளைப் பார்த்தால் பிள்ளையின் கொத்தனார்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரியும். வளைவின் நடுக்கல் ஒன்று கூட ஒரு நூல் இறங்கியிருக்காது.

எங்கள் மூத்த கொத்தனார் ஆத்தூர்ப் பக்கம். அவரை ஒருமுறை கூட்டிப் போய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "ஏனுங்க மேஸ்திரி, இதுக்கு சென்ட்ரிங் அடிச்சவன் பேரு ஒண்ணும் இல்லீங்களா?" என்றார். வளைவு இறுகும் வரை அடியில் தாங்குகிற சட்டம்தான் சென்ட்ரிங். இல்லை என்றேன். "அவன்தானுங்க பெரிய ஆளு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்தக் காலத்துக் கட்டடத்தில் எலிவேஷன் தனி, வசதி தனி இல்லை. மெட்ராஸ் டெரஸ் போட்ட கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். தேக்கு உத்தரம், அதன் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாக்கில் சுண்ணாம்புக் காரையில் நிறுத்தி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நாள் கணக்கில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணியைத் தெளித்துத் தெளித்து அடிக்க வேண்டும். கடைசியில் தட்டோடு. அதன் கீழே மே மாதம் நின்றால் வெயில் தெரியாது. சேலத்து மே மாதத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சுற்றி மலை, நடுவில் ஊர், காற்று எழும்பாது. இரும்புத் தகடு போட்ட பிளாட்பாரக் கூரையின் கீழே மத்தியானம் இரண்டு மணிக்கு நின்றால் மேலே பார்க்காமலேயே தகடு என்று சொல்லிவிடலாம். தகட்டைக் குறை சொல்லவில்லை. ரயில் பிளாட்பாரத்துக்கு டெரஸ் கூரை போட்டால் தூண் நெருக்கமாக வரும், சாமான் வண்டி திரும்ப முடியாது. தகடும் ட்ரஸ் என்கிற இரும்புச் சட்டமும் போட்டால் தூணைத் தூர வைக்கலாம். ஆனால் தகட்டின் கீழே வெப்பம் தடுக்கிற ஒரு அடுக்கு கொடுப்பது இன்று பெரிய செலவே இல்லை. கோழிப்பண்ணைக்கே நாமக்கல்லில் போடுகிறார்கள்.

பிளானில் சேலத்துக்கு நான் நாலு மார்க் கொடுப்பதற்கு இன்னொரு காரணம், இது நிஜமான ஜங்ஷன். எத்தனையோ ஊரில் பெயருக்கு ஜங்ஷன் என்று எழுதி வைத்திருப்பார்கள். இங்கே சென்னைப் பாதை, ஈரோட்டுப் பாதை, விருத்தாசலம் பாதை, மேட்டூர் அணைப் பாதை, ஓமலூர் வழியாக தருமபுரி, பெங்களூர்ப் பாதை, நாமக்கல் வழியாகக் கரூர்ப் பாதை எல்லாம் வந்து சேர்கின்றன. கடைசியில் சொன்ன கரூர்ப் பாதை 2013-ல்தான் வந்தது. அதற்கு முன் சேலத்துக்காரன் கரூருக்கு ரயிலில் போக வேண்டுமானால் ஈரோடு போய்ச் சுற்ற வேண்டும். 2007 நவம்பர் 1-ல் சேலம் தனி ரயில்வே கோட்டமாகவே ஆனது. பாலக்காட்டிலிருந்தும் திருச்சியிலிருந்தும் பிரித்து எடுத்தார்கள். அதற்குக் கேரளத்தில் எவ்வளவு எதிர்ப்பு, இங்கே எவ்வளவு வெடி என்பதெல்லாம் நம் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ஊருக்கு வெளியே இருக்கிறது என்று நூறு வருஷம் திட்டினோம். ஊர் என்ன செய்தது? மெதுவாக ஸ்டேஷனைத் தேடி நடந்து வந்தது. நாலு ரோடு, ஐந்து ரோடு, புது பஸ் ஸ்டாண்டு என்று மேற்கே மேற்கே வந்து, 1994-ல் சேலம் மாநகராட்சியானபோது சூரமங்கலமும் அதற்குள் வந்துவிட்டது. 2020-ல் ஐந்து ரோட்டில் ஈரடுக்குப் பாலமும் வந்தது. கோயம்புத்தூருக்கும் முதலில் இதே கதிதான். பழைய பாதை போத்தனூர் வழியாக அந்த ஊரை விட்டு ஒதுங்கித்தான் போனது. அவர்கள் தண்டவாளத்தையே ஊருக்குள் இழுத்துக்கொண்டார்கள். நாம் ஊரை நகர்த்தினோம். எனக்கு இதில் நஷ்டம் இல்லை, ஐந்து ரோட்டுக்கும் ஜங்ஷனுக்கும் நடுவில்தான் எனக்கு நிறைய வேலை கிடைத்தது.

பழைய ஊருக்குள் இருப்பவர்களுக்காக டவுன் ஸ்டேஷன் ஒன்று உண்டு, கலெக்டர் ஆபீஸுக்குப் பக்கத்தில். ஜங்ஷனிலிருந்து போனால் அதற்கு முன்னாலேயே செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரை ஒட்டி மார்க்கெட் ஸ்டேஷன். இரண்டும் விருத்தாசலம் பாதையில் இருக்கின்றன. அது மீட்டர்கேஜாக இருந்த காலத்தில் ஜங்ஷனில் ஒரு பக்கம் ஐந்தரை அடி அகலத் தண்டவாளம், இன்னொரு பக்கம் ஒரு மீட்டர் தண்டவாளம். இந்தப் பெட்டி அந்தத் தண்டவாளத்தில் ஏறாது. மூட்டை மூட்டையாக இறக்கி மாற்ற வேண்டியதுதான். லீ பஜார் மிளகாயும் பருப்பும் அப்படிக் கைமாறித்தான் போயிருக்கும்.

2023 ஆகஸ்டில் நாடு முழுக்க 508 நிலையங்களைப் புதுப்பிக்க அடிக்கல் நாட்டினார்களே, அதில் சேலமும் ஒன்று. அதனால் நான் எலிவேஷனுக்குப் போட்ட இரண்டு மார்க் சீக்கிரம் மூன்றாகவோ நாலாகவோ ஆகலாம். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். முகப்பு பளிச்சென்று இருந்தால் வந்து இறங்குகிறவனுக்கு ஒரு மரியாதை. ஆனால் முகப்பில் ஒட்டுகிற தகடு, அந்த அலுமினியக் கலவைத் தகட்டைத்தான் சொல்கிறேன், அதைப் பற்றி ஒரு வார்த்தை. நானும் கடைகளுக்கு அடித்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டு வருஷம் கண்ணாடி மாதிரி இருக்கும். அப்புறம் மூட்டில் அடித்த சீலன்ட் வெயிலில் காய்ந்து, மழைத்தண்ணி உள்ளே போய், அழுக்குக் கோடு கோடாக இறங்கும். சேலத்துத் தூசியில் அது இன்னும் சீக்கிரம். மலை முழுக்கக் கருங்கல்லும் வெள்ளைக்கல்லும் இருக்கிற ஊர் இது. ரயில் மேக்னசைட் ஜங்ஷன் தாண்டும்போது வெள்ளை வெள்ளையாகக் குவியல் தெரிகிறதே, இரும்பு உருக்குகிற உலைக்கு உள்செங்கல் செய்கிற கல் அது. சங்ககிரிப் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல். கல்லுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு தகடு ஒட்டுவது எனக்கு மனசு ஒப்பவில்லை. அடிப்பகுதி ஆள் உயரத்துக்காவது உள்ளூர்க் கருங்கல்லைக் கொத்திப் பதித்தால் போதும். பெட்டி இடிக்கும், தள்ளுவண்டி உரசும், எச்சில் துப்புவார்கள், எல்லாவற்றையும் தாங்கும். கழுவிவிட்டால் சரியாகிவிடும்.

அப்புறம் 1861 என்று எங்காவது ஒரு கல்லில் பெரிசாக வெட்டி, வாசலில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைக்கலாம். பெரிய செலவில்லை. கல் நானே தருகிறேன், கூலி வேண்டாம்.

மொத்த மார்க் ஐந்துக்கு மூன்றரை. அரை மார்க் மலைக்கு.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ராத்திரி இறங்குகிறவர்கள் வெளியே வந்ததும் கேட்கிற முதல் ஆட்டோவில் ஏற வேண்டாம். ஒரு ஆட்டோக்காரர் புது பஸ் ஸ்டாண்டுக்கு என்னிடம் கேட்ட காசில் ஒரு மூட்டை சிமென்ட் வாங்கலாம். மூன்று கிலோமீட்டர் தூரம்தான். பகலில் டவுன் பஸ் தாராளமாக இருக்கிறது. ஏற்காடு போகிறவர்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து மலை பஸ் பிடிப்பது சுலபம். இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, தலைசுற்றல் உள்ளவர்கள் ஜங்ஷனில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம். தட்டுவடை செட் சாப்பிட ஆசை இருந்தால் சாயங்காலம் ஊருக்குள் வந்து தள்ளுவண்டியில் சாப்பிடுங்கள். பொட்டலத்தில் கட்டி வாங்கினால் பீட்ரூட்டும் சட்னியும் ஊறித் தட்டுவடை பதம் போய்விடும். சென்னைக்கு எழும்பூர் வண்டியில் போகிற பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக்காரர்கள் ஜங்ஷன் வரைக்கும் வர வேண்டாம், டவுன் ஸ்டேஷனிலேயே ஏறிக்கொள்ளலாம். ஏறும் இடத்தை மாற்றுவதானால் டிக்கெட் போடும்போதே டவுன் என்று போட்டுவிடுங்கள்.